மறக்காத டைமர்

லிப்ட் பொத்தானை ஒரு தடவை அமுக்கிவிட்டு நிற்கத் தெரியாதவர் தெய்வசிகாமணி. லிப்ட் வந்து சேரும்வரை அமுக்கிக்கொண்டே இருப்பார். டீ ஆறப் பொறுக்காமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வார். பிறகு டீக்கடைக்காரரைத் திட்டுவார். நாற்பத்தெட்டு வயதுவரை பிழைப்பு இப்படியேதான் ஓடியது. அப்படிப்பட்டவர் டைமர் படிக்கப் போகிறார் என்று கேட்டு அவர் மனைவி சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்கும் கேட்டதாம்.

அவர் கோயம்புத்தூர்ப் பட்டறைகளுக்கு ஒயரிங் செய்துவந்தவர். கை சுத்தமான வேலைக்காரர். ஆனால் இப்போதெல்லாம் எந்த மெஷினைத் திறந்தாலும் உள்ளே பி.எல்.சி. என்று ஒரு பெட்டி இருந்தது. மோட்டார் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்தது. ஒயரையெல்லாம் இழுத்து மாட்டிக் கொடுத்துவிட்டு, அந்தப் பெட்டிக்குப் புரோகிராம் எழுதும் ஆள் வரும்வரை அவர் ஓரமாகக் காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருப்பதுதான் அவருக்கு ஜென்மத்துக்கும் ஆகாதே. அதையும் நானே கற்றுக்கொள்கிறேன் என்று கிளம்பிவிட்டார்.

ஊரில் கணபதிப் பக்கம் ஒரு மாடியறையில் கோகிலவாணி அதைக் கற்றுக்கொடுத்தார். வயதில் தெய்வசிகாமணிக்குத் தங்கை முறை. முதல் நாள் இவர் பழக்கதோஷத்தில் 'அம்மணி' என்று கூப்பிட்டார். கோகிலவாணி எழுதிய புரோகிராமில் நாலு மோட்டார்கள் வரிசையாகக் கிளம்பி வரிசையாக நின்றதைப் பார்த்த பிறகு, யாரும் சொல்லாமலே அது 'மேடம்' ஆனது.

பி.எல்.சி.க்கு எழுதும் புரோகிராம் பார்ப்பதற்கு ஏணி போல இருக்கும். இரண்டு பக்கமும் இரண்டு கோடு, நடுவில் படிகள். ஒவ்வொரு படியிலும் இடப்பக்கம் 'இது நடந்தால்', வலப்பக்கம் 'இதைச் செய்'. அவ்வளவுதான் சங்கதி. நடந்த உடனே செய்யாமல் கொஞ்சம் பொறுத்துச் செய் என்று சொல்ல வேண்டிய இடத்தில் டைமர் போடுவார்கள்.

டைமர் பாடத்துக்கு கோகிலவாணி மேசைமேல் ஒரு பொத்தானையும் ஒரு விளக்கையும் வைத்தார்.

"பொத்தானை அமுக்கிப் பிடிங்ணா. விளக்கு எரியற வரைக்கும் விடாதீங்க."

இவ்வளவுதானா என்று இருந்தது தெய்வசிகாமணிக்கு. அமுக்கினார். திரையில் எண் ஏறியது. பாதியில் போன் அடித்தது. கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. எண் சரேலென்று பூஜ்யத்துக்கு வந்துவிட்டது.

பேசி முடித்து மறுபடி அமுக்கினார். சிமென்ட் கடைக்காரர் கூப்பிட்டார், பூஜ்யம். திருப்பூரில் கட்டிக்கொடுத்த மகள் தாரணி கூப்பிட்டாள், பூஜ்யம். ஒரு தடவை யாருமே கூப்பிடவில்லை. யாரும் ஏன் கூப்பிடவில்லை என்று பார்ப்பதற்காகப் போனை எடுத்தார். அதுவும் பூஜ்யம். அவருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது.

"இவ்வளவு நேரம் அமுக்குனதெல்லாம் எங்கீங்க மேடம் போச்சு?"

"போயிருச்சுங்ணா."

"மீதி நேரத்துக்கு மட்டும் அமுக்குனாப் பத்தாதுங்களா?"

"இந்த டைமருக்கு மீதி தெரியாதுங்ணா."

இதென்ன அநியாயம் என்று அவருக்குப் பட்டது. உழைத்த உழைப்புக்கு ஒரு மரியாதை வேண்டாமா? கோகிலவாணி அந்தப் பக்கம் போனதும் புத்தகத்தைப் புரட்டினார். இன்னொரு வகை டைமர் இருந்தது. கையை எடுத்தால் இது பூஜ்யத்துக்கு ஓடாது, எண் விட்ட இடத்திலேயே நிற்கும். மறுபடி அமுக்கினால் அங்கிருந்து தொடரும். தெய்வசிகாமணி ஏணியின் படியில் பழைய டைமரை எடுத்துவிட்டு இதைப் போட்டார். போனுக்கு நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கினார். விளக்கு எரிந்தது.

கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடுவதுபோல மேடத்தைக் கூப்பிட்டார். கோகிலவாணி வந்து திரையைப் பார்த்தார். திட்டவில்லை.

"நல்ல டைமருங்ணா இது. ஓடுன நேரத்த மறக்காது. மோட்டாரு மொத்தத்துல எவ்வளவு ஓடியிருக்குதுன்னு பாத்து கிரீஸ் போடறதுக்கெல்லாம் இதான் சரி. ஆனா..."

போன் அடித்தது. தெய்வசிகாமணி ஒரு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் பேசிக்கொண்டே வெளியே போனார். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே கோகிலவாணியின் வாய் அசைவது தெரிந்தது. இவர் மரியாதைக்காக அங்கிருந்தே தலையாட்டினார். திரும்பி வந்தபோது புரிந்ததா என்று கோகிலவாணி கேட்டார். நன்றாகப் புரிந்தது என்றார் இவர்.

அடுத்த வாரமே அவருக்கு வேலை வந்தது. சரவணம்பட்டிப் பக்கம் சென்னியப்பன் என்பவர் கேஸ் அடுப்புச் செய்யும் கம்பெனி வைத்திருந்தார். ஆடித் தள்ளுபடிக்குக் கடைகளில் அடுப்பு கேட்டு நெருக்கிக்கொண்டிருந்தார்கள். இங்கேயோ செய்த அடுப்பில் பாதி, சோதனை மேசையைத் தாண்டவில்லை.

அந்த மேசையில்தான் அடுப்பு ஒழுகுகிறதா என்று பார்ப்பார்கள். அடுப்பின் குழாய்க்குள் காற்றை ஏற்றி வாயை மூடிவிடுவார்கள். காற்றழுத்தம் விடாமல் நின்றால் டைமர் ஓடி முடிந்து பச்சை விளக்கு எரியும், அடுப்பு பாஸ். நடுவில் அழுத்தம் இறங்கினால் டைமர் பூஜ்யத்துக்குப் போகும், காற்று தானாகவே மறுபடி ஏறும், முதலில் இருந்து எண்ணும். அந்த வாரம் அடுப்புக்கு அடுப்பு அது பூஜ்யத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

பாதி அடுப்பு எப்படி ஐயா ஒழுகும், மேசைதான் கெட்டிருக்கிறது என்று சென்னியப்பன் சத்தம் போட்டார். தெய்வசிகாமணிக்கு அது நியாயமாகப் பட்டது. தனியாக ஒரு பி.எல்.சி.யைத் திறக்கும் முதல் வேலை. இதைச் சரி செய்துவிட்டால் ஊரில் இனி எந்தப் பட்டறையிலும் ஓரமாகக் காத்திருக்க வேண்டாம். மேடத்துக்குப் போன் போட்டு, அடுப்பு ஒழுகுகிறதா என்று பார்க்கும் மேசையில் டைமர் ஒரு நிலையில் நிற்காமல் பூஜ்யத்துக்கு ஓடுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார்.

"அந்த டைமரு இருக்கற வரைக்கும் எத்தன தரம் போட்டாலும் அந்த அடுப்பு பாஸாகாதுங்ணா. ஏன்னா..."

இன்னொரு லைனில் தாரணி வந்தாள். ஒரு நிமிஷம் மேடம் என்று சொல்லிவிட்டு மகளிடம் பேசினார். அந்த ஒரு நிமிஷம் முடியவே இல்லை. கோகிலவாணி திரும்பக் கூப்பிட்டபோதெல்லாம் இவர் லைன் பிஸியாக இருந்தது.

எங்க மேடமே சொல்லிட்டாங்க என்று தெய்வசிகாமணி சென்னியப்பனிடம் சொன்னார். மறக்காத டைமரைப் போட்டார். அதன்பிறகு விளக்கு எரிந்த அழகைப் பார்க்க வேண்டுமே. பச்சை, பச்சை, பச்சை. ஓரமாகத் தள்ளி வைத்திருந்த அடுப்புகளையும் கொண்டுவந்து ஏற்றினார்கள். எல்லாம் பாஸ். சென்னியப்பன் அவரைக் கட்டிப்பிடித்தார். முதலில் பாஸான அடுப்பைத் துடைத்து, பெட்டியில் போட்டு, அவர் கையிலேயே கொடுத்தார்.

தெய்வசிகாமணி அதை அன்று மாலையே திருப்பூருக்குக் கொண்டுபோய் மகள் வீட்டில் மாட்டிக் கொடுத்தார். அப்பன் கைபட்ட அடுப்பு என்று சம்பந்திக்குக் கேட்கும்படியாகச் சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் ஒரு பெட்டி மைசூர்பாகோடு கோகிலவாணியைப் பார்க்க வந்தார். நடந்ததையெல்லாம் உட்காராமலே சொன்னார். கோகிலவாணி மைசூர்பாகை எடுக்கவில்லை.

"பழைய டைமர்ல நிக்காத அடுப்பு, புது டைமர்ல எப்படீங்ணா நின்னுச்சு?"

மேசையில் கோளாறு, அழுத்தத்தைப் பார்க்கிற சுவிட்ச் விட்டு விட்டு வேலை செய்திருக்கும் என்றார் தெய்வசிகாமணி. சுவிட்சைக் கழற்றிப் பார்த்தீர்களா என்று கோகிலவாணி கேட்டார். அதற்கெல்லாம் நேரம் எங்கே என்றார் இவர்.

கோகிலவாணி காகித டீக்கப் ஒன்றை எடுத்தார். அடியில் குண்டூசியால் ஒரு குத்துக் குத்தினார். மேசைக்கு மேலே பிடித்துக்கொண்டு பாட்டிலில் இருந்து தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் ஒழுக ஒழுக மேலே ஊற்றிக்கொண்டே இருந்தார்.

"கப்பு நெறஞ்சிருக்குதுங்களா?"

"நெறஞ்சிருக்குதுங்க."

இன்னும் ஊற்றினார்.

"இப்பங்ணா?"

"இப்பவும் நெறஞ்சுதானுங்க..."

தண்ணீர் மேசைமேல் ஓடி மைசூர்பாகுப் பெட்டியைத் தொட்டது. தெய்வசிகாமணி பதறிப் பெட்டியைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றார். கண் பெட்டியில் இருந்து கப்புக்குப் போனது.

"அந்த மேசையிலயும்," என்றார் மெதுவாக, "எறங்க எறங்க காத்து தானா ஏறுமுங்க. புது டைமரு விட்ட எடத்துல இருந்தே எண்ணுமுங்க."

கோகிலவாணி கப்பைக் கீழே வைத்தார்.

"அடுப்பெல்லாம் இப்ப எங்கீங்ணா இருக்குது?"

"குடோன்லதானுங்க. லாரி நாளைக்குத்தான்..." பெட்டியை ஈர மேசைமேலேயே வைத்தார். "ஒண்ணு பாப்பா வீட்டுல இருக்குதுங்க."

மகளுக்குப் போன் போட்டார். ஊரெல்லாம் அவரைக் கூப்பிடும் அந்தப் போன், அவர் கூப்பிடும்போது மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டார். மருமகன் வெளியூரில். சம்பந்தி எடுக்கவில்லை. கார்ச்சாவியைப் பையில் தேடினார், மேசையில் தேடினார், அது அவர் கையிலேயே இருந்தது.

"சாவியக் குடுங்ணா. நான் ஓட்டறேன்," என்றார் கோகிலவாணி.

அவினாசி ரோட்டில் வண்டி போக்குவரத்துக்குள் ஊர்ந்தது. தெய்வசிகாமணி பக்கத்து சீட்டில் இருந்தபடியே இல்லாத பிரேக்கை மிதித்தார், இல்லாத ஆக்சிலேட்டரை மிதித்தார். சென்னியப்பனுக்குப் போன் போட்டு, ஒரு அடுப்பும் குடோனைத் தாண்டக்கூடாது என்று சொன்னார். அந்தப் பக்கம் சென்னியப்பன் கத்தியது கோகிலவாணிக்கும் கேட்டது. மகளுக்குப் போட்டார், மணி அடித்தது. சிக்னலில் நின்றபோது கதவைத் திறந்து இறங்கி ஓடிவிடலாமா என்றுகூட யோசித்தார். அதுவரை பத்திரிகையில் படித்த கேஸ் விபத்துச் செய்தியெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அவருக்குப் பயமாக இருந்தது. வாய்விட்டு முருகா முருகா என்றார்.

தாரணி கதவைத் திறந்தாள். தலையில் ஈரத்துணி கட்டியிருந்தாள். போனை உள்ளே சார்ஜில் போட்டுவிட்டு மாடியில் துணி துவைத்துக் காயப்போடப் போனாளாம். அப்பா இப்படி மூச்சு வாங்குகிறாரே என்று பயந்துபோனாள். தெய்வசிகாமணி அவளைத் தாண்டிச் சமையலறைக்குள் நுழைந்தார். அடுப்பு அணைந்திருந்தது. ஒரு சுவிட்சையும் தொடாதே என்று மகளிடம் சொன்னார். கோகிலவாணி ஜன்னல்களை அகலத் திறந்து வைத்தார்.

"வாடை ஏதாச்சும் வந்துச்சா கண்ணு?"

"காலைல லேசா வந்துச்சுங்ப்பா. புது அடுப்புன்னா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

அவர் அடுப்புக்குக் கீழே எட்டிப் பார்த்தார்.

கோகிலவாணி ஒரு கிண்ணத்தில் சோப்பைக் கரைத்து நுரை ஆக்கினார். சிலிண்டர் வீட்டுக்கு வந்தால் டியூப் ஒழுகுகிறதா என்று பார்க்கச் செய்வார்களே, அதேதான். அடுப்பின் திருகுகளெல்லாம் மூடியிருந்தன, சிலிண்டர் திறந்திருந்தது. தெய்வசிகாமணி தரையில் குத்துக்காலிட்டு, அடுப்புக்குக் கீழே குழாய் இணைகிற இடத்தில் நுரையைத் தடவினார். குனிந்து பார்த்தார்.

ஒன்றும் இல்லை. நுரை நுரையாகவே இருந்தது. அவருக்கு உயிர் திரும்பி வந்தது. முட்டியில் கையை ஊன்றி எழுந்தார்.

"அதுக்குள்ளயா?" என்றார் கோகிலவாணி.

மறுபடி உட்கார்ந்தார். இந்தத் தடவை சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

சட்டைப்பையில் போன் அடித்தது. கை அந்தப் பக்கம் போகப் பார்த்தது. அவர் கையை தொடைக்கு அடியில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. காலில் எறும்பு ஏறியது. மகள் அப்பா என்று கூப்பிட்டாள். அவர் கண்ணை எடுக்கவில்லை. மனசு மட்டும் குடோனுக்கும் சோதனை மேசைக்கும் போய்ப் போய் வந்தது.

நுரையின் ஓரத்தில் ஒரு குமிழி கடுகளவு எழுந்தது. அவசரமே இல்லாமல் வளர்ந்தது. மிளகளவு ஆனது. சுண்டைக்காய் அளவு ஆகி, உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று எழுந்தது.

தெய்வசிகாமணி எழுந்து சிலிண்டரை மூடினார். அடுப்பைக் கழற்றி இணைப்பைத் திறந்து பார்த்தார். உள்ளே இருந்த வாஷர், புதிதாக வந்த சரக்கு, விரலால் அமுக்கினாலே பிளந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மறுபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். மேசை கெடவே இல்லை. அது ஒவ்வொரு அடுப்பாக, பூஜ்யம் பூஜ்யம் என்று சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

தாரணி தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் மகளின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. கோபம் கோகிலவாணியின் பக்கம் திரும்பியது.

"நீங்கதானுங்க மேடம் சொன்னீங்க. மறக்காத டைமரு நல்ல டைமருன்னீங்க. பழைய டைமரு இருக்கற வரைக்கும் அடுப்பு பாஸாகாதுன்னீங்க. ரெண்டும் உங்க வாயில வந்ததுதானுங்க."

"ரெண்டும் நான் சொன்னதுதானுங்ணா," என்றார் கோகிலவாணி. "ரெண்டும் பாதி."

அதற்குள் போன் அடித்தது. சென்னியப்பன். தெய்வசிகாமணி போனை எடுத்துப் பார்த்தார். அணைத்தார். மகளிடம் கொடுத்து வெளியறையில் கொண்டுபோய் வைக்கச் சொன்னார். தாரணி அப்பாவையும் போனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே எடுத்துப் போனாள்.

"மீதியச் சொல்லுங்க மேடம்," என்றார்.

கோகிலவாணி கையில் இருந்த சோப்பைத் துடைத்துவிட்டு அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"மீதி இல்லைங்ணா. முதல்ல இருந்து."